பறக்கும் பள்ளியில் உண்மை சொல்வதற்கு என்ன விலை?

கேள்வி இதுதான்: விமானிப் பயிற்சிப் பள்ளிகள் எல்லாமே "பாதுகாப்பே முதலில்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கின்றன. கேட்டால் தடிமனான ஒரு பாதுகாப்புக் கையேட்டையும் எடுத்துக் காட்டுகின்றன. எந்தப் பள்ளியில் அது அன்றாடப் பழக்கமாக இருக்கிறது, எதில் காகிதத்தோடு நிற்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வது? பள்ளியை நடத்துபவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர், "இன்று நான் பறக்கவில்லை" என்று சொன்ன மாணவர். இன்னொருவர், யாரும் பார்க்காத தன் தவற்றைத் தானே வந்து சொன்ன மாணவர். இவர்கள் இருவருக்கும் பணத்திலோ, மதிப்பெண்ணிலோ, மானத்திலோ ஒரு நஷ்டம் வந்தால், அடுத்த முறை அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பாதுகாப்புப் பண்பாடு என்பதை நான் இந்த ஒரே அளவுகோலால்தான் அளப்பேன்: அந்தப் பள்ளியில் உண்மை சொல்வதற்கு என்ன விலை?

கையேடு தேவையில்லை என்று சொல்லவில்லை. ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆம் இணைப்பு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பறப்புப் பயிற்சி தரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களும் பாதுகாப்பு மேலாண்மை முறை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. கொள்கை, இடர் மேலாண்மை, கண்காணிப்பு, பரப்புதல் என்று நான்கு பகுதிகள். எலும்புக்கூடு சரியாகவே இருக்கிறது. ஆனால் ஓர் இடர் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் அதை யாராவது வந்து சொல்ல வேண்டுமே. சொல்ல ஆளில்லாத பள்ளியில் அந்த நான்கு பகுதிகளும் வெற்றுப் படிவங்களாகவே கிடக்கும்.

பயிற்சிப் பள்ளிக்கும் விமான நிறுவனத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விமான நிறுவனத்தில் தவறு என்பது விதிவிலக்கு. பள்ளியிலோ தவறுதான் தினசரி வேலை. தவறு செய்யாமல் யாரும் தரையிறக்கக் கற்றதில்லை. ஆகவே இங்கே எது கற்றலின் தவறு, எது விபத்தின் முன்னறிவிப்பு என்று பிரிப்பது கடினம். அதோடு, கற்பிப்பவர், மதிப்பிடுபவர், சட்டப்படி விமானத்தின் பொறுப்பாளர் மூவரும் ஒரே ஆள். அந்தப் பயிற்றுநரே பல இடங்களில் சில நூறு மணி நேர அனுபவம் மட்டும் உள்ள இளைஞராக இருக்கிறார். பறந்த மணிக்குத்தான் அவருக்குச் சம்பளம். மணி சேர்ந்ததும் விமான நிறுவனத்துக்குப் போய்விடுவார். மாணவரும் மணிக்கணக்கில் பணம் கட்டுகிறார். "இன்று பறக்க வேண்டாம்" என்றால் இருவருக்குமே இழப்பு. இந்த ஏற்பாட்டில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள்.

முதலில் பள்ளியின் நேர்மையைச் சோதித்துக் காட்டும் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன்: கடின இறக்கம். மாணவர் சற்று வேகமாக வருகிறார். மூக்கைத் தூக்கும்போது விமானம் மிதந்து மேலெழுகிறது, பின் தடாலென்று விழுந்து துள்ளுகிறது. பதற்றத்தில் அவர் கன்ட்ரோலை முன்னே தள்ளுகிறார். இரண்டாவது முறை மூக்குச் சக்கரம் முதலில் அடிக்கிறது, துள்ளல் இன்னும் பெரிதாகிறது. மூன்றாவது அடியில்தான் பெரும்பாலும் சேதம். செஸ்னா 172 போன்ற விமானத்தில் அந்த அடி மூக்குச் சக்கரத்தின் தாங்கி வழியாக, எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டுக்குப் போகும். அந்தத் தகட்டில் சுருக்கம் விழலாம், எஞ்சின் தாங்கியில் விரிசல் வரலாம். ப்ரொப்பெல்லரின் நுனி தரையைத் தொட்டிருந்தால் எஞ்சினின் கிராங்க்‌ஷாஃப்டிலேயே சேதம் இருக்கலாம்; எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் அது தெரியாது. இத்தனையும் நடந்த பின்னும் விமானம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஓட்டி வந்து நிறுத்தவும் முடியும்.

மாணவர் தனியாகப் பறந்தபோது இது நடந்தது, யாரும் பார்க்கவில்லை என்று வையுங்கள். பழுதுச் செலவை மாணவர் தலையில் கட்டும் பள்ளி என்றால் அவர் என்ன செய்வார்? சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாணவர் அதே விமானத்தில் ஏறுவார். இதற்கான விதி எளியது. கடின இறக்கத்தைத் தானே சொன்னவரிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அதை அவரது முன்னேற்ற அறிக்கையில் குறையாக எழுதக் கூடாது. பொறியாளர் சக்கரத் தாங்கி, ஃபயர்வால், ப்ரொப்பெல்லர் நுனி, வால்பகுதியின் அடித்தகடு எல்லாம் பார்த்துக் கையெழுத்திடும்வரை விமானம் நகரக் கூடாது. "லேசான துள்ளல்தான், இன்னொரு சுற்று போய் வருகிறேன்" என்பதற்கு இடமே இல்லை. மறைத்தது பின்னால் தெரிய வந்தால் அது வேறு விசாரணை. இறக்கத்துக்காக அல்ல, மறைத்ததற்காக. இந்த விதி சேர்க்கைப் படிவத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வாயளவில் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை.

இதைத்தான் துறையில் நீதியான பண்பாடு என்கிறார்கள். பாதுகாப்பு ஆய்வில் பெரும் பங்காற்றிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை ஒரு கோடு வரைவதாக விளக்கினார். தவறே செய்தாலும் தண்டனை இல்லை என்பது இதன் பொருளல்ல. நண்பர் வீட்டுக்கு மேலே தாழப் பறந்து காட்டியவரை விட்டுவிட முடியாது. ஆனால் ஒரு மாணவர் ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) இறக்க மறந்தார், தவறான டாக்ஸிவேயில் (ஓடுபாதைக்குப் போகும் தரைவழி) திரும்பினார் என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதே மணி நேரம் பறந்த இன்னொரு மாணவரை இதே சூழலில் உட்கார வைத்தால் அவரும் இதைச் செய்திருப்பாரா? ஆம் என்றால் கோளாறு பாடத்திலோ, வரைபடத்திலோ, ப்ரீஃபிங்கிலோ இருக்கிறது. நான் இன்னொன்றும் சேர்ப்பேன். அந்தக் கோட்டை யார் வரைகிறார் என்பது முக்கியம். விமானம் நின்றால் வருமானம் இழப்பவர் அந்தத் தீர்ப்பைத் தனியாகச் சொல்லக் கூடாது.

தகவல் சொல்லும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 1974 டிசம்பர் 1ஆம் தேதி வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்கும் அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்கு அந்தச் செய்தி போகவில்லை. இதன் பிறகுதான் 1976இல் அமெரிக்காவில் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை தொடங்கியது. அறிக்கையைக் கண்காணிப்பு நிர்வாகம் வாங்காமல் வேறோர் அமைப்பு வாங்குகிறது, பெயர் நீக்கப்படுகிறது. பள்ளி சின்னதாக இருந்தாலும் இந்த அமைப்பு பொருந்தும். அறிக்கையைத் தலைமைப் பயிற்றுநர் அல்லாத ஒருவர் பெற வேண்டும். பெயரை நீக்கிவிட்டுத்தான் அது மேசைக்கு வர வேண்டும்.

படிவம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன நடந்தது, எந்தக் கட்டத்தில், அதற்குச் சற்று முன் கவனத்தை இழுத்தது எது, விபத்தாகாமல் காத்தது எது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் - இவ்வளவு போதும். இதில் நான்காவது கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. காத்தது எது என்று தெரிந்தால் அதை எல்லோருக்கும் கற்றுத்தரலாம். "அதிர்ஷ்டம்" என்று எழுதியிருந்தால் உடனே எழுந்து நிற்க வேண்டும். அறிக்கை கொடுத்தவருக்கு மூன்று நாட்களுக்குள் பதில் போக வேண்டும். "பார்த்தோம், இதைச் செய்கிறோம்" அல்லது "பார்த்தோம், இந்தக் காரணத்தால் எதுவும் செய்யவில்லை" என்று இரண்டில் ஒன்று. பதில் வராத பெட்டியில் இரண்டாவது முறை யாரும் காகிதம் போட மாட்டார்கள். முதல் அறிக்கை தலைமைப் பயிற்றுநருடையதாக, அவர் பெயரோடு, அவர் செய்த தவற்றைப் பற்றியதாக இருந்தால் மாணவர்கள் தாமாக எழுதத் தொடங்குவார்கள். மாறாக, ஒரு மாணவரின் மோசமான இறக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கும் பள்ளியில் பெட்டி எத்தனை வைத்தாலும் பயனில்லை.

அடுத்தது, "வேண்டாம்" என்று சொல்வது. காக்பிட்டில் மேலிருப்பவரிடம் கீழிருப்பவர் பேச முடியாமல் போவது கொல்லும் என்பது தெரிந்த விஷயம். 1977 மார்ச் 27இல் டெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தை எஞ்சினியர் எழுப்பினார். கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். அந்த கேப்டன் தன் நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். 1978 டிசம்பர் 28இல் யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் போர்ட்லண்ட் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. குழுவினருக்கு எரிபொருள் குறைவது தெரிந்திருந்தது. கேப்டனின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. அனுபவம் மிக்க விமானிகளுக்கே அந்தத் தயக்கம் என்றால், இருபது மணி நேரம் பறந்த மாணவருக்குத் தன்னை மதிப்பிடுபவரிடம் எவ்வளவு இருக்கும்!

ஆகவே இதைக் குணமாக எதிர்பார்க்காமல் பயிற்சியாகச் சொல்லித்தர வேண்டும். முதல் வாரத்திலேயே மாணவருக்கு ஒரு வரி கொடுங்கள்: "சார், வேகம் 58, எனக்குச் சரியாகப் படவில்லை." எண்ணை முதலில் சொல்வதால் அது அவமரியாதையாக ஒலிக்காது. பதில் இல்லையென்றால் மறுபடி சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் "கோ-அரவுண்ட்" (இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலேறு) என்று சொல்ல வேண்டும். கோ-அரவுண்ட் என்ற சொல்லை யார் சொன்னாலும் உடனே எஞ்சின் வலிமையைக் கூட்டும் த்ராட்டிலைத் திறந்து மேலேற வேண்டும். ஏன் என்பதைத் தரையில் பேசிக்கொள்ளலாம். பயிற்றுநர் அவ்வப்போது வேண்டுமென்றே ஒரு சிறு பிழை செய்து மாணவர் பிடிக்கிறாரா என்று பார்ப்பது நல்ல முறை. ஆனால் அப்படிச் செய்யப் போவதாகப் பறப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், 1,000 அடிக்குக் கீழே செய்யக் கூடாது. கோ-அரவுண்டால் கூடும் ஆறேழு நிமிடங்களுக்கு மாணவரிடம் பணம் வாங்காத பள்ளி ஒன்றைக் கண்டால், அங்கே யோசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பறக்காமலிருக்கும் முடிவைக் காலையில் ஓடுபாதை ஓரத்தில் நின்று எடுக்கக் கூடாது. எண்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். செஸ்னா 172எஸ் கையேட்டில் செய்து காட்டப்பட்ட பக்கவாட்டுக் காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அது சோதனை விமானி செய்து காட்டியது. முதல் சோலோ (தனிப் பறப்பு) மாணவருக்கு 5 நாட், பிறகு 8, பிறகு 10 என்று பயிற்றுநர் அவரது பறப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உயர்த்த வேண்டும். வீச்சுக்காற்று, பார்வைத் தூரம், மேகத்தின் அடி, கடைசியாகத் தரையிறங்க வேண்டிய நேரம் இவற்றுக்கும் அப்படியே. இந்த எண்ணை, விமானங்களைப் பறப்புக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் மேசையில் இருப்பவர் அன்றைய வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். எண்ணைத் தாண்டினால் தலைமைப் பயிற்றுநர் வந்து கேட்டாலும் சாவி கிடையாது. எண்ணுக்குள் இருந்தும் மாணவர் வேண்டாம் என்றால் அதற்கும் காரணம் கேட்கக் கூடாது. ரத்துக் கட்டணமும் கூடாது.

வெப்பத்தையும் இதே மேசையில் கணக்கிட வேண்டும். 2,000 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதையில் வெப்பநிலை 38 டிகிரி என்றால், அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பம் 11 டிகிரி, வித்தியாசம் 27. டிகிரிக்கு ஏறத்தாழ 120 அடி என்று கூட்டினால் விமானம் 5,200 அடி உயரத்தில் இருப்பதைப் போலத்தான் நடந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வலிமையை இழந்திருக்கும். இரண்டு பெரிய உடல்காரர்கள், முழு டேங்க், மதிய வெயில் மூன்றும் சேரும் நாளில் காகிதத்தில் கணக்குப் போடாமல் புறப்படும் பள்ளி எதிர்ப்பட்டால் விலகிவிடுங்கள்.

மேகத்துக்குள் நுழைவதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு போதும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை உண்மையான விமானத்தில், வெளியே பார்க்க முடியாதபடி செய்து, மேகத்துக்குள் இருப்பதைப் போலப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். சோலோ மாணவருக்கு "மேகம் இறங்கினால் திரும்பி வா" என்று சொல்வது போதாது. எந்த இடத்தில் திரும்ப வேண்டும், திரும்பி எங்கே இறங்கலாம், அங்கே இறங்கினால் பள்ளி எப்படி வந்து கூட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு நிலையத்தில் இறங்கியதற்காகத் திட்டு வாங்கிய ஒருவரைப் பார்த்த மற்ற மாணவர்கள் மேகத்துக்குள் நுழைந்துதான் வீடு திரும்பப் பார்ப்பார்கள்.

உடல்நிலைக்கும் இதே கேள்விதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவருக்கு இணையாகக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இரவு வகுப்பு முடித்துவிட்டு விடியற்காலைப் பறப்புக்கு வரும் மாணவரின் அட்டவணையை யார் போட்டது என்று பாருங்கள். மாணவர் களைத்துப் போனதற்கு அட்டவணை காரணமாக இருந்தால், ஒழுக்கம் பற்றிப் பேசிப் பயனில்லை.

விமானம் ஓடத் தொடங்கும் முன்பே தரையில் நடப்பவை பலரும் நினைப்பதைவிட ஆபத்தானவை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாணவர் மாறுவது நேரத்தை மிச்சப்படுத்தும். சுழலும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. இதை முழுமையாகத் தடை செய்வதே சரி. நிறுத்திய ப்ரொப்பெல்லரையும் நம்பக் கூடாது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சாவி அணைந்திருந்தாலும் கையால் சுற்றியதும் எஞ்சின் உதைக்கும். அன்றைய கடைசிப் பறப்புக்குப் பின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது சாவியை ஒரு கணம் அணைத்துப் பார்த்து, எஞ்சின் அடங்குகிறதா என்று சோதிப்பது இந்தக் கோளாற்றைப் பிடிக்கும். விமானத்தைக் கையால் இழுக்கும் கம்பியான டோ பாரை விமானத்தில் மாட்டிவிட்டுக் கையை எடுக்கவே கூடாது என்பது இன்னொன்று. கையை எடுக்க வேண்டியிருந்தால் அதையும் கழற்றி எடுக்க வேண்டும்.

எரிபொருளில் இரண்டு கண்ணிகள். ஒன்று தண்ணீர். 172எஸ்ஸில் இறக்கைக்கு ஐந்தும் மூக்குப் பக்கம் மூன்றுமாக 13 வடிகுழாய்கள் இருக்கின்றன. அவசரத்தில் இரண்டை மட்டும் பார்ப்பவர்கள் ஏராளம். மற்றது தவறான எரிபொருள். டீசல் எஞ்சின் விமானமும் பெட்ரோல் எஞ்சின் விமானமும் ஒரே தளத்தில் நிற்கும் பள்ளிகளில் இது உண்மையான ஆபத்து. விமானப் பெட்ரோலான அவ்கேஸ் 100எல்எல் நீல நிறம்; ஜெட் எரிபொருள் நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம். கலந்துவிட்டால் நீலம் வெளிறும், ஆனால் மறையாது. அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அவ்கேஸ் ஆவியாகிவிடும், ஜெட் எண்ணெய்க் கறையை விடும். குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் ஓடிக்காட்டிவிட்டுப் புறப்பட்ட பிறகுதான் நின்றுபோகும் என்பதால் இதைத் தரையிலேயே பிடிக்க வேண்டும். அளவையும் கோலால் பார்க்க வேண்டும். கேஜ் ஊசி இரண்டாம் சாட்சி மட்டுமே. மிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது பயிற்சிப் பள்ளிக்கு ஏற்ற விதி.

காற்றில் இருக்கும்போது கன்ட்ரோல் யாரிடம் என்ற குழப்பம் இன்றும் விமானங்களை உடைக்கிறது. "யூ ஹேவ் கன்ட்ரோல்", "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி, கொடுத்தவர் மறுபடி "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று உறுதிப்படுத்துவது வரை மூன்று வார்த்தைகளும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். பயிற்றுநர் விரலால் மெல்லத் தள்ளி "உதவி" செய்வது மிகக் கெட்ட பழக்கம். மாணவர் தான்தான் இறக்குகிறோம் என்று நினைப்பார், பயிற்றுநர் மாணவர் இறக்குகிறார் என்று நினைப்பார்.

பயிற்றுநர் உட்கார்ந்திருக்கும் விமானங்களில் நடக்கும் விபத்துகளில் போலி அவசரநிலை ஒரு தனி வகை. எஞ்சின் நின்றதாகக் காட்ட த்ராட்டிலை மட்டுமே குறைக்க வேண்டும். தாழ்ந்த உயரத்தில், எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சரையோ டேங்கைத் தேர்ந்தெடுக்கும் எரிபொருள் செலக்டரையோ தொட்டால் போலி நிஜமாகிவிடும். கார்புரேட்டர் எஞ்சினில், பனி கட்டாமல் காக்கும் ஹீட்டைப் போட்ட பிறகே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். இறங்கும்போது அவ்வப்போது த்ராட்டிலைத் திறந்து எஞ்சினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோ-அரவுண்ட் வேண்டும் நேரத்தில் எஞ்சின் இருமும். ஈரக் காற்றில் 20 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் கார்புரேட்டரில் பனி கட்டும் என்பதை வெப்ப நாட்டுப் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. ஒற்றை எஞ்சின் விமானத்தில், இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையான ஸ்டால் பயிற்சியிலிருந்து மீள்வது தரையிலிருந்து 1,500 அடிக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும். முன்பே பேசாத எந்தப் போலி அவசரநிலையையும் புறப்பாட்டின்போது திணிக்கக் கூடாது. "திடுக்கிட வைத்தால்தான் கற்பார்கள்" என்று சொல்லும் பயிற்றுநர், திடுக்கிட்ட மாணவரின் கை எந்த நெம்புகோலைப் பிடித்து இழுக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஓடுபாதைக்குக் குறுக்கே பறக்கும் பேஸிலிருந்து, அதன் நேர்கோட்டில் இறங்கும் ஃபைனலுக்குத் திரும்பும் திருப்பம் தனியாகச் சொல்லத் தக்கது. நேராகப் பறக்கையில் 172எஸ் ஃப்ளாப் இன்றி 48 நாட்டில் ஸ்டால் ஆகும். உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் அது 57 நாட். 60 டிகிரியில் 68. ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்ட மாணவர் 65 நாட் வேகத்தில் சாய்வைக் கூட்டி, கூடவே வாலிலுள்ள ரட்டரைத் திருப்பும் மிதியையும் அழுத்தினால், மீள உயரமில்லாத இடத்தில் ஸ்பின்னுக்குள் (சுழன்றபடி விழுவது) போகலாம். பள்ளி முழுவதற்கும் ஒரே விதி: சர்க்யூட்டில் (ஓடுபாதையைச் சுற்றி வரும் பறப்பு) 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதே, கோட்டைத் தாண்டினால் கோ-அரவுண்ட். எல்லாப் பயிற்றுநரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 30, ஒருவர் "பார்த்துச் செய்" என்றால் அந்தப் பள்ளியில் தரப்படுத்தல் நடக்கவில்லை. பயிற்றுநர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவதும், ஆறு மாதத்துக்கொருமுறை ஒருவர் பாடத்தை இன்னொருவர் பின்னிருக்கையில் அமர்ந்து பார்ப்பதும் இல்லாமல் ஒரு விதி ஓராண்டு தாங்காது.

எதிரே வரும் விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகலாம் என்ற நம்பிக்கையையும் அளந்து வைக்க வேண்டும். பார்த்து, அடையாளம் கண்டு, முடிவெடுத்து, விமானம் திரும்பும்வரை ஏறத்தாழ 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். தலா 90 நாட்டில் நேருக்கு நேர் வரும் இரண்டு பயிற்சி விமானங்கள் அந்த நேரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நெருங்கிவிடும். ஆகவே பயிற்சிப் பகுதிகளைப் பிரித்து ஒதுக்குவதும், ஒரே நேரத்தில் சர்க்யூட்டில் எத்தனை விமானம் என்று வரம்பு வைப்பதும் டிஸ்பாட்ச் மேசையின் வேலை.

நல்ல பள்ளியும் மெல்ல மெல்ல நழுவும். 2014 மே 31இல் அமெரிக்காவின் பெட்ஃபர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், நிற்கும்போது கன்ட்ரோல்கள் அசையாமல் பிடிக்கும் பூட்டை எடுக்காமலேயே புறப்பட முயன்று ஓடுபாதை தாண்டி எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து பறந்தவர்கள். பதிவுக் கருவியைப் பார்த்தபோது, முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அவர்கள் கன்ட்ரோல்களை முழுதாக அசைத்துச் சோதிக்கவே இல்லை என்று தெரிந்தது. அத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை. அந்த "ஒன்றும் ஆகவில்லை"தான் அவர்களுக்குப் பாடமாகிவிட்டது.

இந்த நழுவலைப் பிடிக்கப் பள்ளிகளிடம் இன்று மலிவான கருவி இருக்கிறது. ஜி1000 என்ற மின்னணுக் கருவித் திரை உள்ள விமானங்கள் விநாடிக்கு ஒரு முறை வேகம், உயரம், சாய்வு, எஞ்சின் அளவுகளை எஸ்டி கார்டில் எழுதுகின்றன. வாரம் ஒரு முறை எடுத்து மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: 500 அடியில் வேகமும் இறங்கு விகிதமும் நிலையாக இருந்ததா, சர்க்யூட்டில் சாய்வு 30 டிகிரியைத் தாண்டியதா, ஓடுபாதையை நோக்கி நிலையில்லாமல் இறங்கி வந்தவற்றில் எத்தனை கோ-அரவுண்டில் முடிந்தன. கடைசி எண்தான் என் கண்ணில் மிக மதிப்புள்ளது. ஆனால் இந்தத் தரவை ஒரே ஒரு முறை ஒரு மாணவரைத் தண்டிக்கப் பயன்படுத்தினாலும் அடுத்த வாரம் கார்டுகள் "காணாமல்" போகும். பார்க்கும் உரிமை ஒருவரிடம். பெயரோடு பேசுவது பறந்தவரிடம் மட்டும், அதுவும் தனியறையில்.

பழுதுப் பதிவேடும் இதே கதையைச் சொல்லும். வாரத்தில் ஐந்து நாள் ஒன்றுமே எழுதாமல், நூறு மணி நேரப் பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்துக் குறைகள் எழுதப்பட்டிருந்தால், குறைகளை வாயால் சொல்லிவிட்டுப் பறந்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்று மாதம் ஒரு அறிக்கையும் வராத பெட்டிக்கும் அதே பொருள்தான்.

நேரில் போகிறவர்கள் அலுவலகத்தில் இருந்து கேட்பதைவிட டிஸ்பாட்ச் மேசையருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. மாணவர் ஒருவர் பறப்பை ரத்து செய்தால் மேசையில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். தனிப் பறப்பில் போனவர் வரவேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் கடந்தும் வரவில்லையென்றால் யார் யாரை அழைப்பார்கள் என்று கேளுங்கள். ஐகாவோ முறையில் அந்த 30 நிமிடம் முதல் எச்சரிக்கைக் கட்டத்தின் தொடக்கம். தொலைபேசி எண்கள் எழுதிய தாள் மேசையிலேயே இருக்கிறதா, கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். அறிக்கை ஒன்றால் கடந்த ஆறு மாதத்தில் மாறிய ஒரு விதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் பள்ளி உயிரோடு இருக்கிறது.

நடத்துபவர்கள் நாளையே தொடங்கலாம், செலவில்லாமல். கடின இறக்கத்தைச் சொன்னால் கட்டணமில்லை. கோ-அரவுண்டுக்கும் உடல்நிலை, வானிலை ரத்துக்கும் கட்டணமில்லை. எழுதிய எண்ணைத் தாண்டினால் சாவி இல்லை. இந்த மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டு உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். பயிற்றுநரின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது பறந்த மணியிலிருந்து பிரித்து மாதச் சம்பளமாக்குவது அடுத்த படி. அதற்குப் பணம் வேண்டும், தப்பிக்க வழியில்லை. தரவு, கூட்டம், பதிவேடு எல்லாம் அதன் பின்.

சரியில்லாத பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவருக்கு ஒன்று. நடந்ததை அன்றே எழுதி வையுங்கள்: தேதி, விமானப் பதிவெண், பறப்பின் கட்டம், பார்த்த எண்கள். முதலில் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் தன்னார்வ அறிக்கை முறைக்கு அனுப்புங்கள். அதுவரை அந்த விமானத்தில் ஏறுவதா இல்லையா என்பதை நீங்கள் மட்டுமே முடிவு செய்யுங்கள். கட்டிய பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.